முதல் சொட்டு தண்ணீர்

(கல்லூரித் தாவரவியல் மன்றக் கூட்டம் ஒன்றில் ஆற்றிய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



நான் மேடைக்கு வந்தபோது கையில் ஒரு மூடிய கண்ணாடிக் கிண்ணம் இருந்ததை முன்வரிசையில் இருப்பவர்கள் பார்த்திருப்பீர்கள். இனிப்பு என்று யாராவது நினைத்திருந்தால் மன்னிக்க வேண்டும். உள்ளே இருப்பது சாணி. 12 நாளுக்கு முன்னால் எங்கள் தெருப் பசு ஒன்று போட்டது. அடியில் நனைத்த செய்தித்தாள், மேலே மூடி, நேர் வெயில் படாத ஜன்னலோரம். என் பங்குக்கு நான் செய்தது அவ்வளவுதான்.

முதல் சில நாட்களில் கண்ணாடி இழை போன்ற ஒரு பூஞ்சை எழுந்தது. தலையில் கறுப்புத் தொப்பி. அது பைலோபோலஸ். அது ஓய்ந்த பிறகு, ஒன்பதாம் நாள் வாக்கில், கடுகைவிடச் சிறிய மஞ்சள் பொட்டுகள் தெரிந்தன. கைலென்ஸ் வைத்துப் பார்த்தால் ஒவ்வொரு பொட்டும் ஒரு குட்டித் தாம்பாளம். தாம்பாளத்தின்மேல் எள்ளை இடித்துத் தூவியதுபோல் கறுப்புப் புள்ளிகள். ஒவ்வொரு புள்ளியும் ஒரு பையின் நுனி. பைக்குள் 8 வித்துகள், கத்தரிப்பூ நிறத்தில். முற்றிய பைகள் தாம்பாளத்தின் பரப்புக்கு மேலே தலை நீட்டி ஜன்னல் பக்கம் சாய்ந்து நிற்கின்றன. வெளிச்சம் வரும் திசைதான் திறந்த வெளி, அந்தப் பக்கம் சுட்டால்தான் வித்து புல்லில் போய் ஒட்டும், மாடு அதை மேயும் என்ற கணக்கு அந்தப் பைக்குள் எங்கோ இருக்கிறது. நேற்று இருந்த சில புள்ளிகள் இன்று காலை இல்லை. மூடியின் உட்புறத்தில் பொடி ஒட்டியிருக்கிறது. இரவில் சுட்டுவிட்டன.

இதன் பேர் அஸ்கோபோலஸ். கோப்பைப் பூஞ்சை வகை. பாடநூலில் பெசைசா என்று ஒரு படம் போட்டிருப்பார்களே, அதன் உறவுக்காரன்.

கோப்பைப் பூஞ்சை என்றதும் உள்ளங்கை அகலம் இருப்பதைத்தான் பலரும் நினைக்கிறார்கள். அப்படிப்பட்டவையும் உண்டு. ஆனால் இந்தக் கூட்டத்தில் மிகப் பெரும்பாலானவை 5 மில்லிமீட்டரைத் தாண்டாதவை. அரை மில்லிமீட்டரே உள்ளவையும் ஏராளம். உதிர்ந்த இலைக்காம்பு, காய்ந்த புல்தண்டு, உளுத்த விறகின் அடிப்பக்கம், இவைதான் அவற்றின் வீடு. வெறுங்கண்ணுக்கு எல்லாம் ஒன்றுதான்: வெள்ளைப் பொட்டு, மஞ்சள் பொட்டு, சாம்பல் பொட்டு. அவற்றை நுண்ணோக்கியில் எப்படிப் பிரித்தறிவது என்பதுதான் இன்றைய பேச்சு.

முதலில் நான் செய்த ஒரு தப்பைச் சொல்லிவிடுகிறேன். மாணவனாக இருந்தபோது ஒரு மழைக்காலத்தில், மட்கிய குச்சியில் சாம்பல் நிறக் கோப்பைகள் கிடைத்தன. ஆய்வகத்துக்கு ஓடினேன். பூஞ்சை என்றால் லாக்டோபீனால் காட்டன் புளூ என்று எங்களுக்குப் பழக்கம். ஒரு சொட்டு விட்டு, துணுக்கை வைத்து, கவர் ஸ்லிப்பைப் போட்டு, ஸ்பிரிட் விளக்கில் லேசாகக் காட்டினேன். நீல நீலமாக அழகான படம். பைகளை வரைந்தேன், வித்துகளை அளந்தேன், ஆசிரியரிடம் நீட்டினேன். அவர் நோட்டைப் புரட்டிப் பார்த்துவிட்டு ஒரே ஒரு கேள்வி கேட்டார்: “தம்பி, இது உயிரோடு இருந்தபோது உள்ளே என்ன இருந்தது?” என்னிடம் பதில் இல்லை. மிச்சம் இருந்த கோப்பைகளும் அதற்குள் காய்ந்து சுருண்டுவிட்டன. அந்தப் பூஞ்சையின் பேர் இன்றுவரை எனக்குத் தெரியாது.

அவர் கேட்ட கேள்வியின் முழு எடை பிறகு ஒரு கட்டுரையைப் படித்தபோதுதான் புரிந்தது. ஜெர்மனியைச் சேர்ந்த ஹான்ஸ்-ஓட்டோ பாரல் 1992-ல் வெளியிட்டது. உயிருள்ள செல்லும் செத்த செல்லும் ஒன்றல்ல, நாம் காலம் காலமாகச் செத்ததைப் பார்த்தே இனங்களைப் பிரித்து வந்திருக்கிறோம் என்பது அதன் சாரம். உயிருள்ள பை தண்ணீர் குடித்துப் புடைத்து நிற்கும். செத்ததும் காற்று இறங்கிய பலூன்போல் ஒடுங்கும். உயிருள்ள வித்துக்குள் எண்ணெய்த் துளிகள் இத்தனை, இந்த அளவில், இந்த இடத்தில் என்று ஒரு ஒழுங்கோடு இருக்கும். வித்து செத்தால் துளிகள் ஒன்றோடொன்று கலந்துவிடும். பைகளுக்கு நடுவே மலட்டு இழைகள் நிற்கும் அல்லவா, மொலிசியா என்ற சாம்பல் நிறக் கோப்பையில் அந்த இழைகளுக்குள் எண்ணெய் தடவியதுபோல் பளபளக்கும் நீண்ட குமிழ்கள் உண்டு. பொட்டாசியம் ஹைட்ராக்சைடு பட்டால் அவை மறைந்துவிடும். போகிற போக்கில் பல இனங்களில் ஒரு மஞ்சள் கசிவைக் காட்டிவிட்டுப் போகும். அந்த மஞ்சளும் ஒரு அடையாளம். ஆனால் குமிழை முதலில் பார்த்திருந்தால்தான் மஞ்சள் எங்கிருந்து வந்தது என்று சொல்ல முடியும்.

ஆர்பிலியா என்ற பேரினத்தை எடுத்துக்கொள்ளுங்கள். மெழுகுத் துளிபோல் இருக்கும் குட்டிக் கோப்பை. அதன் உறவில் சில, மண்ணுக்குள் வலை விரித்து நூற்புழுக்களைப் பிடித்துத் தின்பவை. அதன் வித்து மிகச் சிறியது. அதற்குள் நுனியை ஒட்டி ஒரு நுண்ணிய உருண்டையோ கண்ணீர்த்துளி வடிவமோ இருக்கும். அந்த வடிவத்தை வைத்துத்தான் பல இனங்களைப் பிரிக்கிறார்கள். வித்து செத்ததும் அது காணாமல் போகும். பாரலும் அவரோடு வேறு இருவரும் சேர்ந்து இந்தக் குழுவைப் பற்றி எழுதிய பெருநூல் 2020-ல் லக்சம்பர்கில் 2 தொகுதிகளாக வந்தது. உயிருள்ள செல்லைப் பார்த்து எழுதிய நூல் என்று அதன் தலைப்பே சொல்கிறது.

அதனால் என் முதல் விதி இது: ஸ்லைடில் விழும் முதல் சொட்டு தண்ணீராக இருக்க வேண்டும். சாயம், அமிலம், காரம் எல்லாம் பிறகு.

சரி, கையால் செய்வோம். கோப்பை காய்ந்திருந்தால் ஈரத் தாளின்மேல் சிறிது நேரம் வையுங்கள், விரியட்டும். புது சவர பிளேடால் கோப்பையின் நடுவே அரிசியில் கால்வாசி அளவுக்கும் குறைவாக ஒரு துணுக்கு. அதிகம் எடுத்தால் ஒன்றும் தெரியாது. தண்ணீர்ச் சொட்டில் இட்டு, கவர் ஸ்லிப் போட்டு, பென்சிலின் ரப்பர் முனையால் மெல்லத் தட்டுங்கள். குழந்தையைத் தூங்க வைக்கத் தட்டுவதுபோல. பைகள் விசிறியாகப் பிரியும். கோப்பையின் வெளிச்சுவரும் ரோமங்களும் தெரிய வேண்டும் என்றால் செங்குத்துவெட்டுச் சீவல் வேண்டும். அதற்குக் கேரட் துண்டைப் பிளந்து நடுவே செருகிச் சீவும் நம் பழைய வழியே போதும்.

இப்போது கேள்விகள். முதல் கேள்வி வாய். பை எப்படித் திறக்கிறது? இந்தக் கேள்வியைக் கேட்டு ஒரு பெரிய வகைப்பாட்டுக்கே அடிப்படை போட்டவர் பிரான்சில் பாரிசுக்கு அருகே மோன்மொரான்சி என்ற ஊரில் மருந்துக்கடை வைத்திருந்த எமில் பூதியே. 1828-ல் பிறந்தவர், 92 வயது வரை வாழ்ந்தவர். சில பைகளின் நுனியில் டிபன் டப்பாவுக்கு இருப்பதுபோல் ஒரு மூடி திறக்கிறது. மற்றவற்றில் மூடி இல்லை, நுனியில் சிறு துளை மட்டும். மூடி உள்ளவை, இல்லாதவை என்று கோப்பைப் பூஞ்சைகளை இரண்டாகப் பிரிக்கலாம் என்று 1879-ல் எழுதினார். பேராசிரியர் பதவி கிடையாது, ஆய்வுக்கூடப் பட்டாளம் கிடையாது. கடையும் நுண்ணோக்கியும் பொறுமையும்தான். மரபணு ஆய்வு வந்த பிறகும் அந்தப் பிரிவின் பெரும்பகுதி அசையாமல் நிற்கிறது.

அவர் கட்டுரை வெளியான இங்கிலாந்து இதழின் ஆசிரியர் எம். சி. குக். லண்டனில் இருந்த இந்தியா மியூசியத்தில் வேலை பார்த்தவர். நம் மேற்குத் தொடர்ச்சி மலைக் காடுகளில் விழுந்த கிளைகளின்மேல் கள் குடிக்கும் கிண்ணம்போல் நிற்கும் இளஞ்சிவப்புக் கோப்பையைப் பார்த்திருப்பீர்கள். அதன் பேர் குக்கீனா. குக்கின் நினைவாக வைத்தது. அதன் பையில் மூடி நேர் உச்சியில் இல்லாமல் ஓரமாகச் சரிந்திருக்கும். ஒரு மூடி எந்தப் பக்கம் இருக்கிறது என்பதற்குக்கூட இங்கே மதிப்பு உண்டு.

இரண்டாவது கேள்வி அயோடின். சோற்றுக் கஞ்சியில் அயோடின் விட்டால் நீலமாகும் என்று எட்டாம் வகுப்புப் பிள்ளைக்கும் தெரியும். பையின் சுவரும் சில இனங்களில் அப்படி நீலமாகும். பெசைசாவில் நுனி நன்றாகவே நீலம் ஏறும். மூடி இல்லாத பல சிறு கோப்பைகளில் நுனியில் ஒரு வளையம் மட்டும் நீலப் பொட்டாகத் தெரியும். சிலவற்றில் ஒன்றுமே ஆகாது.

எந்த அயோடின் என்பதில்தான் சூட்சுமம். செக் நாட்டுப் பள்ளி ஆசிரியர் வாட்ஸ்லாவ் மெல்சர் 1924-ல் தந்த கரைசல் உலகம் முழுக்கப் பரவியது. அதில் அயோடினோடு குளோரல் ஹைட்ரேட்டும் சேரும். படம் பளிச்சென்று இருக்கும். ஆனால் சில பைகள் வெறும் லூகால் கரைசலில், அதாவது அயோடினும் பொட்டாசியம் அயோடைடும் தண்ணீரும் மட்டும் உள்ள கரைசலில், சிவப்பாகின்றன. அதே பைகள் மெல்சர் கரைசலில் நிறமே காட்டுவதில்லை. குளோரல் ஹைட்ரேட் அந்தச் சிவப்பை அமுக்கிவிடுகிறது. இதை பாரல் 1987-ல் விரிவாகக் காட்டினார். அதற்கு முன் ‘அயோடினுக்கு மசியாது’ என்று எழுதப்பட்ட இனங்களில் எத்தனை உண்மையில் சிவப்புக்காரர்களோ! பழைய விவரிப்பைப் படிக்கும்போது எந்தக் கரைசலில் பார்த்தார்கள் என்றும் சேர்த்துப் படியுங்கள். இன்னொன்று: பைக்குள் இருக்கும் கிளைகோஜன் அயோடினில் செம்பழுப்பாகும். அதைப் பார்த்துவிட்டுச் சுவர் சிவந்தது என்று எழுதக் கூடாது. சுவர் வேறு, சோறு வேறு.

மூன்றாவது அளவு. கண்ணருகு லென்ஸில் உள்ள அளவுகோல், ஒரு மில்லிமீட்டரை 100 பாகமாகக் கீறிய ஸ்லைடோடு ஒப்பிட்டுச் சரிபார்க்காதவரை வெறும் கோடுகள்தான். ஒவ்வொரு லென்ஸுக்கும் தனித்தனியே சரிபாருங்கள். என் கருவியில் 40 மடங்கு லென்ஸில் ஒரு கோட்டுக்கும் அடுத்ததற்கும் இடையே 2.5 மைக்ரான், 100 மடங்கில் 1 மைக்ரான். உங்கள் கருவியில் வேறாக இருக்கலாம். அளக்க வேண்டியது பைக்குள் இருக்கும் பிஞ்சு வித்துகளை அல்ல. கோப்பையை ஒரு ஸ்லைடுக்கு அடியில் ஈரமாக வைத்தால் அதுவே வித்தைச் சுட்டு ஒட்டிவிடும். முற்றியதைத்தான் அது சுடும். அவற்றில் 20-ஐயாவது அளந்து, சிறியது எது, பெரியது எது என்று இரண்டையும் எழுதுங்கள். சராசரியை மட்டும் எழுதினால் அடுத்தவருக்கு உதவாது.

நான்காவது கேள்வி பாதம். பையின் அடிப்பகுதி. இதைப் பலரும் பார்ப்பதே இல்லை. பை உருவாகும் முன் இழையின் நுனி மாங்காய் பறிக்கும் தொரட்டிபோல் வளையும். இரட்டை உட்கருக்கள் பிரிந்து இடம் பிடித்த பிறகு அந்த வளைவு அடிச்செல்லோடு ஒட்டிக்கொள்ளும். முற்றிய பையின் காலடியிலும் அந்தக் கொக்கியின் தடம் இருக்கும். சில இனங்களில் கொக்கியே கிடையாது, நேராக ஒரு தடுப்புச் சுவர்தான். தண்ணீரில் பார்த்து முடித்த பிறகு காங்கோ ரெட் சாயம் விட்டு, எண்ணெய் லென்ஸில் தேடினால் தெரியும். கண் வலிக்கும். கழுத்து பிடிக்கும். இவ்வளவு சின்ன விஷயத்துக்கு இவ்வளவு பாடா என்று நினைப்பீர்கள்.

அப்படி நினைப்பவர்களுக்காக ஐரோப்பாவில் நடந்த ஒன்றைச் சொல்கிறேன்.

கிரிக்கெட் ஸ்டம்பு செய்ய வழிவழியாகப் பயன்படும் மரம் ஆஷ். கோடாரிக் காம்பும் அதுதான். ஐரோப்பியக் காடுகளிலும் வேலிகளிலும் எங்கும் நிற்கும் மரம். 1990-களின் தொடக்கத்தில் போலந்தில் அந்த மரங்கள் நுனியிலிருந்து காய ஆரம்பித்தன. நோய் மேற்கே நகர்ந்தது. காரணமான பூஞ்சையை 2006-ல் போலந்து ஆய்வாளர் ததேயூஷ் கோவால்ஸ்கி பிரித்தெடுத்துப் பெயரிட்டார். அப்போது தெரிந்தது அதன் கோப்பையில்லாத பருவம் மட்டும். 2009-ல் கோப்பையும் கிடைத்தது. முந்தைய ஆண்டு உதிர்ந்து கறுத்துப்போன இலைக்காம்புகளில், கோடையில், சில மில்லிமீட்டர் அளவில் வெள்ளைக் கோப்பைகள். பார்த்தவர்கள் இது ஹைமனோசைபஸ் ஆல்பிடஸ் என்றார்கள்.

அங்கேதான் சிக்கல். ஆல்பிடஸ் 1851-லிருந்தே அறிந்த ஆள். ஆஷ் மரத்தின் உதிர்ந்த காம்பைத் தின்று வாழும் சாது. ஊரில் நூறாண்டுக்கு மேல் யாருக்கும் தொந்தரவு தராமல் இருந்தவன் திடீரென்று ஏன் கொலைகாரன் ஆனான்? பருவநிலையா, புது வீரியமா என்று பல யோசனைகள். 2011-ல் சுவிட்சர்லாந்தில் வாலன்டின் கெலோஸும் உடனுழைத்தவர்களும் மரபணுவை ஒப்பிட்டு, இங்கே இருப்பது ஒருவர் அல்ல, இருவர் என்று காட்டினார்கள். அச்சு அசலாக ஒன்றுபோல் இருக்கும் இரண்டு வெள்ளைக் கோப்பைகள். சாது வேறு, கொலைகாரன் வேறு. புதியவன் கிழக்கு ஆசியாவிலிருந்து வந்தவன். அங்கே உள்ள ஆஷ் மரங்களோடு பெரிய சண்டை இல்லாமல் வாழ்ந்து பழகியவன். ஜப்பானில் வேறொரு பெயரில் பதிவாகி ஏற்கெனவே ஏட்டில் இருந்தவன் என்பதும் 2012-ல் தெளிவானது. 2014-ல் இன்றைய பெயர் நிலைத்தது: ஹைமனோசைபஸ் ஃபிராக்சினியஸ்.

சரி, இரண்டையும் நுண்ணோக்கியில் பிரிக்க முடியுமா? வித்தின் அளவு ஒன்றன்மேல் ஒன்று ஏறிக்கொள்கிறது. நிறம், வடிவம், அயோடின் எதுவும் உதவவில்லை. உதவியது பாதம். கொலைகாரனின் பையடியில் தொரட்டி இருக்கிறது. சாதுவின் பையடியில் இல்லை. சில மைக்ரான் அளவுள்ள ஒரு வளைவு. பையின் அடியைப் பார்க்கும் பழக்கம் பரவலாக இருந்திருந்தால் 2009-லேயே ஒரு சந்தேகம் எழுந்திருக்கும். நோய் நின்றிருக்கும் என்று நான் சொல்லவில்லை. பூஞ்சை அதற்குள் கண்டத்தில் பாதியைக் கடந்துவிட்டது. 2012 பிப்ரவரியில் இங்கிலாந்தின் பக்கிங்ஹம்ஷரில் ஒரு நாற்றங்காலில் தெரிந்தது, அதே ஆண்டு அக்டோபரில் நார்ஃபோக் காட்டு மரங்களிலேயே தெரிந்தது. ஆனால் தவறான ஆளைப் பிடித்து வைத்துக்கொண்டு, இவன் ஏன் மாறினான் என்று விசாரித்த நாட்கள் மிச்சமாகியிருக்கும்.

இங்கே ஒரு மாணவர் கை தூக்குவார் என்று தெரியும்: “ஐயா, கடைசியில் இரண்டு பேர் என்று சொன்னது டிஎன்ஏதானே? பிறகு நுண்ணோக்கி எதற்கு?” நியாயமான கேள்வி. டிஎன்ஏ இல்லாமல் அந்த முடிச்சு அவிழ்ந்திருக்காது. அதை மறைப்பது நேர்மை ஆகாது. ஆனால் மரபணு வரிசையின்மேல் பெயர்ச்சீட்டு ஒட்டுகிறவர் ஒரு கோப்பையைக் கண்ணால் பார்த்து, இது இன்னது என்று சொன்னவர். அவர் பார்த்தது தப்பென்றால் வரிசை எவ்வளவு சுத்தமாக இருந்தாலும் சீட்டு தப்புதான். ஆகவே இரண்டும் வேண்டும். வரிசை எடுக்க அனுப்பும் முன் உயிரோடு பார்த்து, வரைந்து, அளந்து, மிச்சக் கோப்பையைக் காயவைத்துக் காகித உறையில் போட்டு, எந்தச் செடி, எந்தப் பகுதி, எந்த ஊர், எந்தத் தேதி என்று எழுதி வைக்க வேண்டும். செடியின் பேர் தெரியாத கோப்பைக்குப் பாதிக் கேள்விகளைக் கேட்கவே முடியாது.

பேர் கிடைக்காமல் போகலாம். பெரும்பாலும் கிடைக்காது என்றே வைத்துக்கொள்ளுங்கள். கைக்குக் கிடைக்கும் திறவுகோல் நூல்களில் பல ஐரோப்பியப் பூஞ்சைகளுக்காக எழுதப்பட்டவை. நம் மலையில் எடுத்ததை அதில் போட்டுத் திருகினால் ஏதோ ஒரு பேர் வந்து விழத்தான் செய்யும். அதை அப்படியே எழுதிவிடுவதைவிட ‘ஆர்பிலியா, இனம் தெரியவில்லை’ என்று எழுதி, உயிருள்ள வித்தின் படத்தைப் பக்கத்தில் வரைந்து வைப்பது பெரிய வேலை. அடுத்து வருகிறவருக்கு அந்தப் படம் பயன்படும். தப்பான பேர் யாருக்கும் பயன்படாது.

உங்களிடம் நான் கேட்பது பெரிதாக ஒன்றும் இல்லை. இந்த மழைக்காலத்தில் ஆளுக்கு ஒரு கிண்ணம் வையுங்கள். மாட்டுச்சாணி, ஆட்டுப்புழுக்கை, உதிர்ந்த இலைக்காம்பு, எதுவானாலும் சரி. காய்ந்த சாணியை நனைத்து வைத்தாலும் முளைக்கும். வாரம் இரண்டு முறை லென்ஸால் பாருங்கள். 8 வித்துகளும் ஒரே மூட்டையாகக் கட்டுண்டிருந்தால் அது அஸ்கோபோலஸ் அல்ல, அதன் பங்காளி சாக்கோபோலஸ். அந்த வித்தியாசத்தை நீங்களே கண்டுபிடிக்கும் நாளில் இந்தச் சொற்பொழிவு தேவைப்படாது.

என் கிண்ணம் இந்த மேசையிலேயே இருக்கும். பக்கத்தில் நுண்ணோக்கி, பிளேடு, தண்ணீர்க் குப்பி. சாயப் புட்டியை வேண்டுமென்றே வீட்டில் விட்டுவிட்டு வந்தேன். வெளிச்சம் போவதற்குள் வந்து பாருங்கள். இன்று நிமிர்ந்து நிற்கும் பைகள் நாளைக் காலையில் இருக்காது.